அளக்கக் கூடாத பிள்ளைக்கு ஒரு நாற்காலி

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு பேனா பிடித்தது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான். நினைவும் முன்போல இல்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில இடங்களில் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செஞ்சியில் நான் வேலை பார்த்த கன்னியர் பள்ளிக்கூடத்துக்குப் போன மாதம் புது மேசை நாற்காலிகள் வந்து இறங்கின. பச்சையும் மஞ்சளுமாக, காலில் சக்கரம் வைத்தவை. பார்க்க வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். முதல் வகுப்பு டீச்சர் ஒரு நாற்காலியைச் சுண்டுவிரலால் தள்ளிக் காட்டினார். அது ஓடிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆசையாகவும் இருந்தது. "எங்க மதர் இதைப் பார்த்திருந்தா முழங்கால் போட்டு உக்காந்துட்டிருப்பாங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எந்த மதர், எதற்கு முழங்கால் போடுவார் என்று அந்த டீச்சர் என்னை விடவில்லை. நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல எனக்கு வெட்கம். பள்ளி மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். அதனால்தான் இது.

நான் அந்தப் பள்ளிக்கு முதலில் போனது சித்தாளாக. இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் சுமந்தேன், கலவை சுமந்தேன். தலைமை ஆசிரியராக இருந்த மதர் தினமும் வந்து நிற்பார். காரைக்கால் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளை அங்கி, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. வெயிலுக்கு அதை விரித்து நான் பார்த்ததில்லை. வளைந்த பிடியால் எதையாவது இழுக்கவும் சுட்டிக் காட்டவும்தான் அந்தக் குடை. மதராஸ் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் புது முறையைப் படித்துவிட்டு வந்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.

கட்டடம் ஒரே கூடமாக நின்றது. மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை.

"மதர், குறுக்குச் சுவர் எங்க எழுப்பறது? நாலு கிளாஸ்னு சொன்னீங்களே."

"சுவர் நகருமா மேஸ்திரி?"

"சுவர் எங்கனா நகருமா மதர்?"

"அப்ப வேணாம்."

சுவருக்குப் பதிலாக மரக்கால் வைத்த மூங்கில் தட்டிகள் வந்தன. சன்னலையும் மதர் இடுப்புக்குக் கீழே இறக்கி வைக்கச் சொன்னார். இவ்வளவு கீழே வைத்தால் ஆடு உள்ளே வந்துவிடும் என்றார் மேஸ்திரி. "வரட்டும், அதுவும் ரெண்டு எழுத்துக் கத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மதர் அந்த வெறும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து ராஜகிரி மலை உச்சிவரைக்கும் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

அவருடைய பழக்கமே அதுதான். பிள்ளைகள் சம்பந்தமாக எதைத் தீர்மானிப்பதானாலும் முதலில் முழங்கால் போட்டுத் தன் கண்ணைப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் கொண்டுவருவார். பேசமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கால் கடுக்கும்.

கட்டடம் முடிந்து கூலி வாங்கிக்கொண்டு கிளம்பியபோது குடைப்பிடி என் கூடையை மாட்டி இழுத்தது.

"உன் பேர் என்ன?"

"பச்சையம்மா."

"நீ செங்கல்லை இறக்கும்போது சத்தமே வர்றதில்லை. நானும் கவனிச்சுக்கிட்டே இருக்கேன். எப்படி?"

சத்தம் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அந்தக் கூச்சம்தான் காரணம். அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்ததால் தலையைக் குனிந்துகொண்டேன். "இந்தக் கூடத்துக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும்" என்றார். அப்படியே சேர்ந்தேன். சம்பளப் பட்டியலில் உதவியாள் என்று போட்டிருக்கும். ஓய்வு பெறும்வரை நான் செய்த வேலை கூடத்தை மாற்றுவது. அதைக் கற்றுக்கொண்ட கதை பெரிதில்லை. மதர் தூக்கி வைப்பார், நான் பார்ப்பேன்; பிறகு நான் தூக்கி வைப்பேன், அவர் பார்ப்பார்.

முதல் சில வாரங்களுக்குப் பழைய கட்டடத்துப் பெஞ்சுகள்தான். பெரிய பிள்ளைகளுக்குச் செய்தவை. ஒருநாள் பாடம் நடக்கும்போதே மதர் முழங்கால் போட்டுக் குனிந்து, பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். "நீயும் பார்" என்று என்னையும் இழுத்தார். அடியில் ஒரு வரிசைக் கால்கள், கொடியில் துணி உலர்த்தியதுபோல ஆடிக்கொண்டிருந்தன. ஒரு கால்கூடத் தரையில் இல்லை. மேலே பார்த்தால் எல்லாப் பிள்ளையும் உட்கார்ந்து 'அ'னா எழுதிக்கொண்டிருந்தது. "உட்கார்ந்தா இருக்காங்க? தொங்கிட்டில்ல இருக்காங்க" என்றார் மெதுவாக. அதுவரைக்கும் பெஞ்சுக்கு அடியில் ஒரு வகுப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் சேர்ந்தவள்தான் பிலோமி. செஞ்சிக்குத் தெற்கே மல்லாட்டைக் காட்டுக்கு நடுவில் ஒரு வேதக்கார ஊர். நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம், கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்போம். இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது, இடுப்பிலும் பலம் இல்லை. தரையில் வைத்தால் சாய்வாள், பெஞ்சில் வைத்தால் வழுக்கி இறங்குவாள். அவள் அப்பா அவலூர்பேட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். வாரத்தில் பாதி நாள் அங்கேதான். அம்மா சவரியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாள். சேர்க்க வந்த அன்றைக்கே மதரிடம் நேராகக் கேட்டாள்.

"இவளுக்கு வாய் நல்லா இருக்குது மதர். காது நல்லா இருக்குது. உக்காரத்தான் வராது. படிக்கிறதுக்கு உக்காரணுமா?"

"உட்கார்ந்தா நல்லா இருக்கும்."

"அப்ப நீங்க உக்கார வெச்சுக் குடுங்க."

மதர், "பார்ப்போம்" என்றார்.

நான் பிலோமியை மூலையில் வைத்தேன். இரண்டு பக்கமும் சுவர் தாங்கும், முன்னால் தவிட்டு மூட்டை. அப்படியும் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டேதான் இருப்பாள். மூலையிலிருந்து அவளுக்கு மற்றப் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த சவரியம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"மூலையிலதான் வெக்கணும்னா எங்க வூட்லயே மூலை இருக்குது பச்ச. மல்லாட்டை பிடுங்குற வரைக்கும் தூக்கியாந்து பாக்கறேன். அதுக்குள்ள மத்த புள்ளைங்களோட உக்காந்துட்டா படிக்கட்டும். இல்லன்னா நிறுத்திடறேன்."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் நடந்துவந்த களைப்பில் சொன்னாள்.

மதர் சூசை ஆசாரியை வரவழைத்தார். ஏர், கதவு, கட்டில் எல்லாம் செய்வார். சுற்றுவட்டாரத்து வேதக்கார ஊர்களில் சாவு விழுந்தால் சவப்பெட்டியும் அவர்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புவரை எவ்வளவு, இடுப்பு அகலம் எவ்வளவு, முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அதற்குத் தகுந்தாற்போல் நாற்காலி செய்வதென்று மதரின் திட்டம். ஆசாரி தன் முழக்கோலைக் கொண்டுவந்தார். அளவுக்கோடு செதுக்கிய மரக்கோல் அது. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து அளக்க ஆரம்பித்தார். கூச்சத்தில் அதுகள் நெளிந்து நெளிந்து சிரித்தன. எனக்கும் அன்றைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மத்தியானம் சோற்றுக்குப் போன ஒரு பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறது, "ஆசாரி என்னை அளந்தாரு" என்று. அவ்வளவுதான். பாடம் திரும்பத் தொடங்கும் முன் வாசலில் அம்மாக்கள் கூட்டம்.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிற உடம்பை அளக்கமாட்டார்கள். படுத்துவிட்ட உடம்பைத்தான் அளப்பது, பெட்டிக்கோ குழிக்கோ. வேதக்காரர்களுக்கும் அப்படித்தான், எங்களுக்கும் அப்படித்தான். அதிலும் சூசை ஆசாரி, அதிலும் அந்தக் கோல்.

"இன்னா மதர் இது, வாழற புள்ளைய அளக்குறீங்க?"

"யாரைக் கேட்டு அளந்தீங்க?"

சவரியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அதற்கு முந்தின வருஷம்தான் அவளுடைய மூத்த பையன் காய்ச்சலில் போயிருந்தான். அவனுக்குப் பெட்டி செய்தவர் சூசை ஆசாரி.

"அந்தக் கோல என் புள்ள மேல வெச்சியா?"

"இல்ல தங்கச்சி. அவகிட்ட இன்னும் வரல."

"வெக்காத. ஒருத்தனுக்கு வெச்சது போதும்."

பிலோமியை மூலையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அழவில்லை அவள். ஆசாரிதான் கோலைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டார். "நான் இன்னா பண்ணட்டும் மதர்? எனக்கு இருக்கிறது இந்த ரெண்டு கைதான். இதாலதான் தொட்டிலும் செய்யறேன்" என்றார்.

மறுநாள் கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. எல்லாம் மூடநம்பிக்கை, வீடுவீடாகப் போய் விளக்கிச் சொல்லலாம் என்றார் ஓர் இளம் சிஸ்டர். மதர் தலையசைத்து மறுத்தார். "பிள்ளை அவங்க பிள்ளை. பயமும் அவங்க பயம். நாம வேற வழி பார்ப்போம்."

அந்த வழி என்ன என்பது எங்களுக்குத் தெரியாது. அளவெடுக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, பிள்ளைகளை வரவைத்து, ஒருநாள் கோட்டைக்கு அழைத்துப்போனார். பிலோமி வரவில்லை. புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். சூசை ஆசாரியைக் கொஞ்சம் பின்னால், கோல் வெளியே தெரியாமல் வரச் சொல்லியிருந்தார்.

ஆனைக்குளத்துப் பக்கம் கல் கல்லாகக் கிடக்கும். இடிந்த படிகள், தூணிலிருந்து விழுந்த துண்டு, தானாக உருண்டு நின்ற பாறை, எல்லா உயரத்திலும். சோறு தின்ற பிறகு பிள்ளைகளை யாரும் உட்காரு என்று சொல்லவில்லை. மதர் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுவிட்டார். நானும் பார்த்தேன். ஒரு பையன் ஒரு கல்லில் ஏறினான். கால் எட்டவில்லை, சறுக்கி இறங்கினான். அடுத்தது மிகவும் தாழ்வு, முட்டி முகத்தில் இடித்தது. மூன்றாவதில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் நகரவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் இப்படியே தேடித் தேடித் தனக்கென்று ஒரு கல்லைக் கண்டுபிடித்தது. பறவைகள் மாலையில் மரத்தில் அடங்குமே, கொஞ்சம் கலாட்டா, அப்புறம் ஓர் அமைதி, அந்த மாதிரி. அந்தப் பாறைகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள் நான். அவை ஒரு பள்ளிக்கூடம் நிறைய நாற்காலிகள் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

பிள்ளைகள் குரங்கைத் துரத்திக்கொண்டு ஓடினதும் மதர் குடையை உயர்த்தினார். "ஆசாரி, இப்ப அளங்க. கல்லை."

ஆசாரி அளந்தார். எந்தக் கல்லில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை நான் செங்கல் துண்டால் கோடு போட்டு வைத்திருந்தேன். விறகு சுமந்து அந்தப் பக்கம் வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"இன்னா ஆசாரி, கோட்டைக்கே பொட்டி செய்யப் போறியா?"

"ஆமாம்மே. ராஜா சொல்லி அனுப்பினாரு."

"மூடி பெருசா போடு. யானையும் கூடப் போவணும்."

அந்த மாதம் முழுவதும் சிரிக்காத ஆசாரி அன்றைக்குச் சிரித்தார்.

அளந்து பார்த்தால், அத்தனை பிள்ளைகளின் கற்களும் மூன்று உயரத்துக்குள் அடங்கிவிட்டன. சில பிள்ளைகள் உட்காரவே இல்லை. சரிவான பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டன. "எல்லாருக்கும் நாற்காலியே வேணும்னு யார் சொன்னா?" என்று மதர் அவர்களுக்குச் சரிவுப் பலகையும் கோரைப்பாயும் கணக்கில் சேர்த்தார்.

பூவரச மரத்தில் நாற்காலிகள் வந்தன, பிள்ளை தானே தூக்கும் கனத்தில். முனை எல்லாம் உருட்டி இழைத்திருந்தது. மேசைகள் முறத்தின் வடிவம், ஒரு பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் குறுகல். இரண்டு முறத்தின் அகலப் பக்கத்தை ஒட்டவைத்தால் ஆறு பிள்ளைகள் சுற்றி உட்காரலாம். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக என்று சேர்த்துக்கொண்டே போனால் நீளப் பந்தி. காலையில் நாற்காலிகள் வட்டமாக நிற்கும், கதைக்கு. பிறகு ஆறு ஆறாக, எழுத்துக்கு. பிறகு தட்டிகள் நடுவில் வந்து கூடம் நாலாகும். மத்தியானம் எல்லாம் ஓரமாக ஒதுங்கி, நடுவில் பாய் விரியும். மணி அடிப்பதில்லை. நான் ஒரு நாற்காலியைத் தூக்கி வேறிடத்தில் வைப்பேன். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் ஒவ்வொன்றும் தன் நாற்காலியைத் தூக்கும். பேச்சு இருக்காது. எத்தனையோ வருஷம் தினமும் செய்தேன். ஒருநாள்கூட எனக்கு அது வேலையாகத் தோன்றவில்லை. கூடமே ஒரு தரம் மூச்சை இழுத்து விட்டதுபோல இருக்கும்.

ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வகுப்புக்கு முன்பக்கம் எதும்மா?" என்றார். "நீங்க நிக்கிற இடம்தான் சார்" என்றார் மதர். இன்ஸ்பெக்டர் சன்னல் பக்கம் நகர்ந்தார். பிள்ளைகள் நாற்காலியோடு அந்தப் பக்கம் திரும்பின. கதவுப் பக்கம் நகர்ந்தார், அங்கேயும் திரும்பின. கொஞ்ச நேரம் அவருக்கும் அது விளையாட்டாகிவிட்டது.

இத்தனை நடந்தும் பிலோமி வீட்டிலேயே இருந்தாள். அவளுக்குக் கோட்டையில் கல் இல்லை. ஆசாரி கண்ணளவிலேயே ஒரு நாற்காலி செய்து சைக்கிளில் கட்டி எடுத்துவந்தார். நான் அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சவரியம்மா தானே பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்தாள். சரிந்தாள். கந்தல் அடைத்துப் பார்த்தோம். மறுபக்கம் சரிந்தாள். பிலோமி, "நான் இறுக்கிப் புடிச்சுக்கறேன் யம்மா" என்று இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையால் எழுதுவது எப்படி?

"வுடு பச்ச" என்றாள் சவரியம்மா. "அவளுக்குன்னு எதுவும் செய்யல ஆண்டவரு."

மல்லாட்டை பிடுங்கும் நாளும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் மதர், "வா, போவோம்" என்றார். ஆசாரியும் வந்தார். கோலோடு தன்னைப் பார்த்தால் அந்தப் பெண் பதறும் என்று வரப்புக்கு அந்தப்பக்கம் பனைமரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

காட்டில் பெண்கள் பிடுங்கிய செடியைக் குவித்து வைத்து, சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சவரியம்மா வலது காலை மடித்து, இடது முட்டியைக் கொஞ்சம் தூக்கி, குதிகாலை ஒரு மண்கட்டியில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அந்த மடிப்பள்ளத்தில் பிலோமி. முதுகு அம்மாவின் வயிற்றில், சூம்பின கால் தூக்கிய தொடையின்மேல், இடது பக்கம் அம்மாவின் முழங்கை ஒரு கைப்பிடிபோல. அம்மா ஆய, அவளும் ஆய்ந்தாள். இரண்டு கையாலும். பள்ளியில் அவளுடைய இரண்டு கையையும் சேர்த்து நான் பார்த்ததே இல்லை.

மதர் அந்தக் கட்டிமண்ணில் வெள்ளை அங்கியோடு முழங்கால் போட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மே சவரி, மதர் உன்னையே கும்புடுறாங்க?" என்று ஒருத்தி சிரித்தாள்.

சவரியம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "இன்னா மதர் அப்படிப் பாக்கறீங்க?"

"பிலோமி நல்லா உட்கார்ந்திருக்கா."

"எங்க உக்காந்தா? மடியிலதான இருக்கிறா."

சவரியம்மா இன்னும் நாலு காய் ஆய்ந்தாள். பிறகு கை நின்றது. குனிந்து தன் மடியைப் பார்த்தாள், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல. வெகுநேரம் பார்த்தாள்.

"ஆசாரி வந்துக்கிறாரா?"

"வந்திருக்கார். மரத்தடியில நிக்கிறார்."

"கூப்புடுங்க. புள்ளயத் தொடக் கூடாது. கோலு அவ மேல படக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்னை அளந்துக்கட்டும்."

காய் ஆய்ந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. மூத்தவள் ஒருத்தி எழுந்தே விட்டாள். "அடிப் பாவி, உனக்குப் பைத்தியமா? கோலு வெச்சு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் புள்ளைக்கு யாருடி?"

"எனக்கு ஒண்ணு ஆனா இவ எங்க உக்காருவா? அதுக்குத்தான் நாற்காலி கேக்குறேன்."

மதர் பனைமரத்தடியைப் பார்த்துக் குடையை உயர்த்தினார்.

ஆசாரி வந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "வெக்கட்டுமா தங்கச்சி?" என்றார். அவள் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, "வெய்யிண்ணா" என்றாள்.

தரையிலிருந்து வலது தொடை அடிவரை அளந்தார். பிறகு இடது தொடை, அது உயரம். இரண்டு தொடைக்கும் நடுவே பள்ளத்தின் அகலம், பிள்ளையின்மேல் படாமல் கோலைக் காற்றில் பிடித்தபடி. வயிற்றிலிருந்து முட்டிவரை நீளம். உடம்பு பின்னால் சாய்ந்திருந்த சாய்வு. கடைசியாக முழங்கை நின்ற உயரம். அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு பனைமட்டையில் கீறிக்கொண்டே வந்தேன்.

"யம்மா, உன்ன எதுக்கு அளக்கறாங்க?" என்றாள் பிலோமி.

"ரவிக்கை தைக்க."

"எனக்கு?"

"உனக்கும் சேத்துத்தான். அசையாத இரு."

அந்த நாற்காலியை ஆசாரி எத்தனை நாள் செய்தாரோ தெரியாது. மற்ற வேலை எதையும் கையில் எடுக்கவில்லை என்று சொன்னார்கள். பலகையை வாச்சியால் குடைந்து பள்ளமாக்கி, ஒரு பக்கத்தை உயர்த்தி, முதுகைச் சாய்த்து, இடது கையைக் கனமாக, முழங்கை மடங்கின வாக்கில் வளைத்திருந்தார். அதன்மேல் பஞ்சு வைத்து உறை தைத்தது நான். கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தபோது, ஆள் இல்லாமலே அதில் யாரோ உட்கார்ந்து மடியை விரித்திருப்பதுபோல இருந்தது. பக்கத்தில் போக எனக்கு ஒரு மாதிரி பயமாக இருந்தது, கோயிலில் இருக்குமே அந்தப் பயம்.

காலையில் வட்டம் போட்டிருந்தேன். வட்டத்தில் ஓர் இடைவெளி விட்டு அந்த நாற்காலியை வைத்தேன். சவரியம்மா பிலோமியை இறக்கினாள். விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் கீழேயே வைத்திருந்தாள். பிலோமி அம்மாவைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக எல்லாப் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சவரியம்மா ஒரு கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றை. பிலோமி சிலேட்டுப் பலகையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் குச்சியை எடுத்து, பக்கத்துப் பையனிடம், "தள்ளிக்கோடா, இடிக்கிற" என்றாள்.

மதர் முழங்காலில் இருந்தார். இந்தத் தடவை பார்ப்பதற்காக இல்லை என்று நினைக்கிறேன். கண் மூடியிருந்தது.

சவரியம்மா வெளியே போய்ச் சன்னலண்டை நின்றாள். பிறகு ரோட்டில் இறங்கினாள். கொஞ்ச தூரம் போய் நின்று, எப்போதும் பிள்ளை இருக்கும் பக்கத்து இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு, வேகமாக, காட்டுவேலைக்குப் போனாள். கோல் வைத்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெடுநாள் இருந்தாள். பிலோமி ஐந்தாம் வகுப்புவரை எங்களிடம் படித்துவிட்டுப் பெரிய பள்ளிக்குப் போனாள். அவள் வளர வளர நாற்காலியை எப்படிப் பெரிதாக்கினோம், அப்போது யாரை அளந்தோம் என்பது எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

அந்த முதல் நாற்காலியை யாரும் உடைத்திருக்க மாட்டார்கள். பழைய கட்டடத்துப் பரண்மேல் இருக்கலாம். யாராவது ஏறிப் பார்த்து, இறக்கித் துடைத்து, எந்தப் பக்கம் உயரம், எந்தக் கைப்பிடி கனம் என்று தடவிப் பாருங்கள். இடது என்று எழுதியிருக்கிறேன். என் ஞாபகத்தை நம்ப முடியாது. வலது பக்கமாக இருந்தால் மலர் அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுங்கள். பக்கம் மாறிப்போனால் அது சவரியம்மாவின் மடி இல்லை.